'அட் ஆல்': கேள்வியில் ஒரு முகம், மறுப்பில் ஒரு முகம்

மொழிபெயர்ப்பும் பிழைதிருத்தமும்தான் என் பிழைப்பு. பகலில் மற்றவர்கள் எழுதிய ஆங்கில மின்னஞ்சல்களையும் அறிக்கைகளையும் திருத்துவேன். மாலையில், ஆங்கிலம் பேசிப் பழக நினைக்கும் நண்பர்கள் சிலரோடு போனில் பேசுவேன். இரண்டு இடத்திலும் திரும்பத் திரும்ப என் முன்னால் வந்து நிற்பது 'அட் ஆல்' என்ற சின்னச் சொற்றொடர். எல்லாருக்கும் தெரிந்ததுதான். 'ஐ டோன்ட் நோ அட் ஆல்' என்றால் 'எனக்குத் தெரியவே தெரியாது'. பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று. ஆனால் நம் ஆட்கள் பெரும்பாலும் அந்த ஓர் இடத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அதை வைத்துக் கேள்வி கேட்கிறார்கள், உதவ முன்வருகிறார்கள், ஆச்சரியப்படுகிறார்கள், நன்றி சொன்னால் பதிலும் சொல்கிறார்கள். அந்தப் பக்கம் நாம் போவதே இல்லை. போகிற ஒரே பக்கத்திலும், அதாவது மறுக்கும்போதும், நாம் நினைத்ததைவிட அதிகக் காரம் விழுந்துவிடுகிறது.

இதற்குக் காரணம் தமிழிலேயே இருக்கிறது. அட் ஆல் செய்கிற வேலையைத் தமிழில் ஒரே சொல் செய்வதில்லை. பலர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். 'துளிகூடப் பிடிக்கவில்லை' என்கிறோம், அங்கே 'கூட' வருகிறது. 'அவர் வரவே இல்லை' என்பதில் ஏகாரம். 'யாரும் கேட்கவில்லை' என்பதில் 'உம்'. 'ராத்திரி கொஞ்சமாவது தூங்கினாயா?' என்பதில் 'ஆவது'. 'அவர் வந்ததே பெரிய விஷயம்' என்பதில் மறுபடியும் ஏகாரம், ஆனால் 'இல்லை' என்ற பேச்சே அங்கே கிடையாது. ஆங்கிலத்தில் இத்தனைக்கும் அட் ஆல் ஈடு கொடுக்கிறது. 'சிறிதும்' என்ற ஒரே பொருளை மனப்பாடம் செய்தவருக்கு, 'கொஞ்சமாவது தூங்கினாயா' என்று கேட்கத் தோன்றும்போது அட் ஆல் நாக்கில் வர வழியில்லை. 'அட்லீஸ்ட் லிட்டில் யூ ஸ்லெப்ட்?' என்றுதான் வரும். போன் பயிற்சியில் இதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

(ஏகாரத்தை நம் இலக்கணக்காரர்கள் சும்மா விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என்று தொல்காப்பியம் அதற்கு ஐந்து பொருள் சொல்கிறது. நன்னூல் இசைநிறையையும் சேர்த்து ஆறாக்குகிறது. 'வரவே இல்லை' என்பதில் இருப்பது தேற்றம், அதாவது உறுதி. அட் ஆலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் அவர்தான்.)

சரி, இத்தனை இடங்களுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? ஓர் அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிறைய, ஓரளவு, கொஞ்சம், அப்புறம் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகப்படும்படியான ஒரு துளி. அட் ஆல் தொடுவது அந்தக் கடைசித் துளியை. 'ஐ டிடின்ட் ஸ்லீப்' என்று ஒருவர் சொன்னால், சரியான தூக்கம் இல்லை, நடுவில் கொஞ்சம் கண் அசந்திருப்பார் என்று நாமே எடுத்துக்கொள்ளலாம். 'ஐ டிடின்ட் ஸ்லீப் அட் ஆல்' என்றால் அந்தத் துளியும் இல்லை. மறுப்பு முழுசாகிவிட்டது.

அதையே கேள்வியாக மாற்றிப் பாருங்கள். 'டிட் யூ ஸ்லீப் அட் ஆல்?' கேட்பவர் எட்டு மணி நேரக் கணக்கை எதிர்பார்க்கவில்லை. அரை மணி நேரம் படுத்திருந்தாலும் 'ஆம்' என்று சொல்லிவிடலாம். அவ்வளவு தாழ்வாகக் கோடு போட்டுத்தான் கேட்கிறார். அதனால்தான் அந்தக் கேள்வியில் பரிவு தெரிகிறது. மறுப்பில் சேர்ந்தால் கடுமையைக் கூட்டுவதும், கேள்வியில் சேர்ந்தால் எதிர்பார்ப்பைக் குறைப்பதும் ஒரே துளிதான். என் மாலை நேர நண்பர்களுக்கு இதை ஒருமுறை புரியவைத்துவிட்டால், மிச்சத்தில் பாதி தானாக வந்துவிடுகிறது.

சாதாரண உடன்பாட்டு வாக்கியத்தில் இது நிற்காது. 'ஐ லைக் இட் அட் ஆல்' என்று சொன்னால் கேட்பவர் விழிப்பார். இதற்கு விதி தேடி அலைய வேண்டாம். 'எனக்குச் சற்றும் பிடிக்கும்' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், நாக்கே ஒத்துக்கொள்ளாது. மறுப்பின் நிழலில் மட்டுமே வாழும் சொற்கள் நம்மிடமும் இருக்கின்றன. மொழியியலாளர்கள் இந்த வகைச் சொற்களை நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். எட்வர்ட் கிளைமா 1964இல் ஆங்கில எதிர்மறை பற்றி எழுதிய நீண்ட கட்டுரை இதில் ஒரு தொடக்கப் புள்ளி. வில்லியம் லடூசா 1979இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் ஒரு அழகான விளக்கம் கொடுத்தார். 'யாரும் புத்தகம் வாங்கவில்லை' என்பது உண்மையானால் 'யாரும் அகராதி வாங்கவில்லை' என்பதும் உண்மை. பெரிய வகையிலிருந்து சிறிய வகைக்கு இறங்க முடிகிறது. 'ஒருவர் புத்தகம் வாங்கினார்' என்பதிலிருந்து அப்படி இறங்க முடியாது. அவர் வாங்கியது வேறு ஏதாவது புத்தகமாக இருக்கலாம். இறங்க வழியுள்ள வாக்கியங்களில்தான் 'எனி', 'எவர்' போன்ற ஆங்கிலச் சொற்கள் குடியேறுகின்றன என்றார் அவர். கேள்விகளை இந்த விளக்கத்துக்குள் அடக்குவது அவ்வளவு சுலபம் இல்லை, அது தனிச் சண்டை. வேலைக்கு ஆகிற அளவுக்கு இது போதும்.

பழைய கதை ஒன்றும் உண்டு. இடைக்கால ஆங்கிலத்தில் இதே சொற்றொடர் 'எல்லா வகையிலும், முழுக்க' என்ற பொருளில் உடன்பாட்டு வாக்கியத்திலும் வந்துகொண்டிருந்தது. பிறகுதான் மறுப்பு, கேள்வி, நிபந்தனை என்று ஒதுங்கியது. அயர்லாந்து ஆங்கிலத்தில் 'அட் ஆல், அட் ஆல்' என்று இரட்டிப்பாகச் சொல்லும் பழக்கம் இருக்கிறது. அதைக் கேட்டு யாரும் தப்பு என்று நினைத்துவிட வேண்டாம்.

இனி உடன்பாடு போலத் தெரியும் இடங்களுக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். 'ஐம் சர்ப்ரைஸ்ட் ஹி கேம் அட் ஆல்.' இதில் 'நாட்' எங்கேயும் இல்லை. ஆனாலும் வாக்கியம் சரி. அவர் வர மாட்டார் என்ற எதிர்பார்ப்பு உள்ளே ஒளிந்திருக்கிறது, மறுப்பின் நிழல் அதிலிருந்து விழுகிறது. தமிழில் இதற்கு அச்சு அசலாக 'அவர் வந்ததே ஆச்சரியம்' என்று வரும். 'இட்ஸ் எ வொண்டர் இட் வொர்க்ஸ் அட் ஆல்', 'இது ஓடுவதே அதிசயம்'. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறவர்கள் இந்த ஏகாரத்தைக் கைநழுவ விட்டுவிடுகிறார்கள். 'ஐம் சர்ப்ரைஸ்ட் ஹி கேம்' என்று மட்டும் எழுதிவிட்டு, தாமதமாக வந்தார், பாதியில் போய்விட்டார் என்று அடுத்த வரியில் குறை சொல்லும்போது, இரண்டும் ஒட்டாமல் நிற்கும். முதல் வரியில் அட் ஆல் இருந்தால், 'வந்ததே பெரிசு, அதிலும் தாமதம்' என்ற ஓட்டம் தானாகக் கிடைக்கும். இந்த ஒரு வகையைத் திருத்தித் திருத்தி என் கைக்கு அது பழகியே போய்விட்டது.

'எனி'யோடு சேர்ந்து வருவது இன்னொன்று. 'எனிஒன் அட் ஆல் கேன் ஜாயின்', யார் வேண்டுமானாலும் சேரலாம். 'எனி கொஸ்டின்ஸ் அட் ஆல்?' என்று பேச்சின் முடிவில் ஒருவர் கேட்டால், எவ்வளவு சின்னக் கேள்வியாக இருந்தாலும் கேளுங்கள் என்று பொருள். மறுபடியும் அதே துளிதான். தமிழில் 'யாரும் வரவில்லை', 'யாரும் வரலாம்' என்று ஒரே 'யாரும்' இரண்டு பக்கமும் நிற்கிறதல்லவா, 'எனிஒன்' விஷயமும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

பிரிட்டிஷ்காரர்களிடம் பேசும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். 'கேன் ஐ ஹெல்ப் யூ அட் ஆல்?' என்பார்கள். முதல்முறை கேட்கிற தமிழர் காதில் இது 'உனக்கு உதவவாவது முடியுமா' என்கிற மாதிரி விழும். நண்பர் ஒருவர் இதைக் கிண்டல் என்றே நினைத்துவிட்டார். அப்படி இல்லை. 'ஏதாவது சின்ன உதவி தேவைப்படுமா' என்ற மென்மை அது. 'இஸ் இட் அட் ஆல் பாசிபிள் டு சேஞ்ச் த டேட்?' என்று கேட்டாலும் அப்படியே. முடியுமா என்று நேராகக் கேட்காமல், முடிய ஒரு துளி வாய்ப்பாவது இருக்கிறதா என்று தயங்கிக் கேட்கிறார்கள். எதையாவது கெஞ்சிக் கேட்க வேண்டிய மின்னஞ்சலில் இந்த வடிவம் நன்றாக வேலை செய்யும். 'ப்ளீஸ்' என்ற சொல்லை மூன்று வரியில் மூன்று தடவை போடுவதைவிட எவ்வளவோ மேல்.

எல்லாக் கேள்வியும் மென்மையாகிவிடாது. 'டிட் யூ ரீட் மை மெயில் அட் ஆல்?' என்பது பரிவு இல்லை, அடி. படிப்பது அவருடைய கடமை. அதில் போய்க் கோட்டை இவ்வளவு தாழ்த்திக் கேட்டால், 'அதைக்கூடச் செய்யவில்லையா' என்றுதான் காதில் விழும். தமிழிலும் 'கொஞ்சமாவது தூங்கினாயா' என்பதும் 'கொஞ்சமாவது படித்தாயா' என்பதும் ஒரே மாதிரியா இருக்கின்றன? தூக்கம் அவர் கையில் இல்லை, படிப்பு அவர் கையில் இருக்கிறது. கேட்கப்படுகிறவர் கையில் இருக்கும் காரியமா என்று ஒரு கணம் பார்த்துவிட்டுக் கேள்வியில் அட் ஆலைப் போடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

'நாட் அட் ஆல்' என்ற பதிலுக்குத் தனியாக ஓர் இடம் கொடுக்க வேண்டும். ஒரு கூட்டத்தில், பக்கத்தில் இருந்தவர் எழுந்து, 'வுட் யூ மைண்ட் இஃப் ஐ ஓபன்ட் த விண்டோ?' என்று என் சக ஊழியரைக் கேட்டார். இவர் முகம் மலர, 'யெஸ், யெஸ்!' என்றார். கேட்டவர் ஜன்னலிடம் கொண்டுபோன கையை இறக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. 'தாராளமாகத் திற' என்றுதானே சொன்னேன் என்று பார்க்கிறார். 'மைண்ட்' என்றால் ஆட்சேபம். உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்ற கேள்விக்கு 'ஆமாம், ஆமாம்' என்று சிரித்துக்கொண்டே சொன்னால் அவர் என்னதான் செய்வார்? அங்கே சொல்ல வேண்டியது 'நாட் அட் ஆல்', துளியும் ஆட்சேபம் இல்லை. அதோடு 'கோ அஹெட்' என்று சேர்த்துவிட்டால் குழப்பத்துக்கு வேலையில்லை. ஆங்கிலம் பேசுகிறவர்களே பலர் இந்தக் கேள்விக்கு 'ஷ்யூர்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். குரலும் முகமும் காட்டிக்கொடுக்காத மின்னஞ்சலில் மட்டும் அதை நம்ப வேண்டாம்.

நன்றிக்கும் மன்னிப்புக்கும் பதிலாகவும் இது வரும். 'ஐம் சாரி டு ட்ரபிள் யூ', 'நாட் அட் ஆல்'. தொந்தரவே இல்லை என்று பொருள். 'தேங்க் யூ' சொன்னதற்கும் இதைச் சொல்லலாம். கொஞ்சம் மரியாதையான, பழைய வாசனை உள்ள பதில். இன்றைக்கு இளைஞர்களிடம் 'நோ ப்ராப்ளம்'தான் அதிகம் கேட்கிறது. ஆனால் அதே 'நாட் அட் ஆல்', 'டிட் யூ லைக் மை ப்ரசன்டேஷன்?' என்பதற்குப் பதிலாக வந்தால் முகத்தில் அறைந்த மாதிரி. கேள்வியில் இருக்கும் வினைச்சொல்லைத்தான் அது மறுக்கிறது. 'ட்ரபிள்', 'மைண்ட்' போன்ற வேண்டாத சமாசாரங்களை மறுத்தால் இனிக்கும். 'லைக்', 'ஹெல்ப்' போன்ற நல்லவற்றை மறுத்தால் கசக்கும். பழக்கத்தில் வாய்க்கு வந்துவிடும் பதில் என்பதால் கேள்வியை முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்வது நல்லது.

அலுவலக மின்னஞ்சல்களில் நான் அடித்துவிடும் சொற்களில் அட் ஆல் முன்வரிசையில் இருக்கும். இளம் ஊழியர் ஒருவர் வாடிக்கையாளருக்கு எழுதி வைத்திருந்த வரி: 'யுவர் எக்ஸ்ப்ளனேஷன் இஸ் நாட் அட் ஆல் கிளியர்'. என்ன சொல்ல நினைத்தீர்கள் என்று கேட்டேன். 'சார், கொஞ்சம் சரியாப் புரியலைன்னு சொல்லணும்' என்றார். அவர் எழுதியதோ 'உங்கள் விளக்கம் துளியும் புரியும்படி இல்லை'. இலக்கணப்படி குறை சொல்ல முடியாத வாக்கியம். அதனால்தான் எந்த மென்பொருளும் அதன் கீழே சிவப்புக் கோடு போடாது. 'ஐம் நாட் ஷ்யூர் ஐ ஃபாலோ த செகண்ட் பாயிண்ட்' என்று மாற்றினோம். எது புரியவில்லை என்று குறிப்பிட்டுவிட்டாலே மறுப்பின் பரப்பு குறைந்துவிடுகிறது. 'நாட் என்டயர்லி', 'நாட் க்வைட்' என்பவை அளவின் மேல் பக்கத்தை மட்டும் மறுப்பவை: முழுசாக இல்லை, ஆனால் ஓரளவு உண்டு. 'ஐ டோன்ட் என்டயர்லி அக்ரீ' என்று எழுதியவரோடு மறுநாளும் பேசலாம். 'ஐ டோன்ட் அக்ரீ அட் ஆல்' என்று எழுதினால் எதிராளிக்கு நகர இடமே இல்லை. சில சமயம் அப்படித்தான் எழுத வேண்டியிருக்கும், உதாரணமாக வாங்காத பொருளுக்குப் பணம் கேட்டால். அங்கே தயங்காமல் 'வி ஹேவ் நாட் ரிசீவ்ட் எனி கூட்ஸ் அட் ஆல்' என்று எழுதச் சொல்வேன்.

எங்கே வைப்பது என்பதில் அதிகச் சிக்கல் இல்லை. பொதுவாகக் கடைசியில். 'ஐ டோன்ட் நோ ஹிம் அட் ஆல்.' தமிழில் 'துளிகூட' முன்னால் வருவதால் 'அட் ஆல் ஐ டோன்ட் நோ' என்று தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அது நிற்காது. வாக்கியம் நீளமானால் எதை மறுக்கிறோமோ அதன் பக்கத்திலேயே வைத்துவிட வேண்டும்: 'தேர் இஸ் நோ ரீசன் அட் ஆல் டு சேஞ்ச் த பிளான்'. பெயரடைக்கு முன்னாலும் வரலாம், 'நாட் அட் ஆல் ஹேப்பி' என்று. 'நாட் ஹேப்பி அட் ஆல்' என்பதற்கும் அதற்கும் பொருளில் வித்தியாசம் பெரிதாக இல்லை. முன்னது எழுத்துக்கும் பின்னது பேச்சுக்கும் கொஞ்சம் நெருக்கம்.

'இஃப் அட் ஆல்' பற்றிச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்கே அழகில்லை. 'இஃப் அட் ஆல் யூ கம், கால் மீ' என்று இந்திய ஆங்கிலத்தில் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். 'ஒருவேளை வந்தால்' என்பதற்கு நாம் செய்துகொண்ட வடிவம் அது. மற்ற இடங்களில் அது பெரும்பாலும் தனித்து, இடைச்செருகலாக வரும்: 'ஹி ஸ்பீக்ஸ் வெரி லிட்டில், இஃப் அட் ஆல்'. பேசினாலும் மிகக் குறைவு, பேசாமலே இருக்கவும் கூடும். நமக்குள் பேசும்போது நம் வடிவத்தில் எந்தத் தவறும் இருப்பதாக நான் நினைக்கவில்லை, எல்லாருக்கும் புரிகிறது. வெளிநாட்டுக்குப் போகிற ஒப்பந்தத்திலோ ஆய்வுக் கட்டுரையிலோ கண்டால் 'இஃப் யூ டு கம்' என்றோ 'இஃப் யூ கம் அட் ஆல்' என்றோ மாற்றிவிடுவேன்.

பக்கத்தில் குழி இருக்கும் சொற்கள் இரண்டு உண்டு. 'நாட் எ பிட்' என்றால் துளியும் இல்லை, அட் ஆலுக்குச் சமம். அதைப் பார்த்து 'நாட் எ லிட்டில்' என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்வார்கள். அது நேர் எதிர்: 'ஐ வாஸ் நாட் எ லிட்டில் சர்ப்ரைஸ்ட்' என்றால் கொஞ்சநஞ்சமல்ல, நன்றாகவே ஆச்சரியப்பட்டேன் என்று பொருள். 'எல்லாரும் வரவில்லை' என்பதும் வம்பானது. தமிழிலேயே அதற்கு இரண்டு பொருள் சொல்லலாம். 'ஆல் டிட் நாட் கம்' என்று அப்படியே கொண்டுபோனால் அங்கேயும் குழப்பம்தான். சிலர் வந்தார்கள் என்றால் 'நாட் ஆல் ஆஃப் தெம் கேம்'. ஒருவருமே வரவில்லை என்றால் 'நோ ஒன் கேம் அட் ஆல்'. 'அட் ஆல் டைம்ஸ்', 'அட் ஆல் காஸ்ட்ஸ்' என்பவை வேறு குடும்பம். அங்கே 'ஆல்' அடுத்த சொல்லோடு சேர்ந்து 'எல்லா' என்று மட்டும் பொருள் தருகிறது.

உச்சரிப்பில் தமிழ் எழுத்து நமக்கு ஓர் உதவி செய்கிறது. பிரிட்டிஷ் பேச்சில் இரண்டு சொல்லும் ஒட்டி, ட் என்பது இரண்டாம் சொல்லோடு சேர்ந்து அழுத்தமாக வரும். 'அட்டால்' என்று எழுதிப் படித்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். உயரமான என்ற பொருளுள்ள 'எ டால்' என்பதும் அதுவும் காதுக்கு ஒன்றுதான். அமெரிக்கப் பேச்சில் பெரும்பாலும் அந்த ட மெலிந்துபோகும், நம் 'ஆடு', 'வீடு' என்பவற்றில் நடு எழுத்து மெலிவதைப் போல: 'அடால்'. நம் ஆட்கள் 'அட்' என்று நிறுத்தி, மூச்சு விட்டு, 'ஆல்' என்கிறார்கள். போன் பயிற்சியில் இதைத்தான் முதலில் சரிசெய்வேன், ஏனென்றால் ஒட்டிச் சொல்லப் பழகாத காது ஒட்டிச் சொல்வதைப் பிடிக்கவும் செய்யாது. 'நாட் அட் ஆல்' என்று எதிர்முனையில் வேகமாகச் சொன்னதை 'நாட் டால்' என்று கேட்டுவிட்டு, யார் உயரம் இல்லை என்று திரும்பக் கேட்ட நண்பர் இப்போது வாரம் தவறாமல் அழைக்கிறார். பேச்சை முடிக்கும்போது அவர் மறக்காமல் கேட்கும் கேள்வி, 'எனி மிஸ்டேக்ஸ் அட் ஆல்?' ஒட்டித்தான் சொல்கிறார்.